பெட்டிக்குள் தோற்ற காற்று

மேசைக் கணினியின் பெட்டியைத் திறந்தால் உள்ளே இருப்பதெல்லாம் இன்றைய தொழில்நுட்பம் என்றுதான் தோன்றும். ஆனால் கார்டுகள் செருகும் ஸ்லாட்டுகளுக்கு இடையே உள்ள தூரம் 1983-க்குச் சொந்தம். ஐபிஎம் தன் எக்ஸ்டி கணினியில் வைத்த 0.8 அங்குல இடைவெளி அது. ‘இந்த கிராஃபிக்ஸ் கார்டு மூணு ஸ்லாட் தடிமன் சார்’ என்று கடைக்காரர் சொல்லும்போது, நாற்பது வருடப் பழைய அளவுகோலால்தான் அளக்கிறார்.

ஒன்றோடொன்று பொருந்துவது எப்போதும் இவ்வளவு சுலபமாக இருந்ததில்லை. பழைய ஏடி போர்டுகளுக்கு மின்சாரம் இரண்டு தனித்தனி கனெக்டர்களில் வந்தது. செருகும்போது கருப்பு வயர்கள் நடுவில் சேரவேண்டும், கருப்போட கருப்பு. மாற்றிச் செருகினால் போர்டு காலி. 1995-இல் இன்டெல் வெளியிட்ட ஏடிஎக்ஸ் வரையறை, ஒரே விதமாக மட்டும் நுழையும் 20 பின் கனெக்டரைக் கொண்டுவந்தது. போர்டின் அளவு 305 × 244 மில்லிமீட்டர், திருகுகளுக்கான இடங்கள் இன்னின்னவை என்று எல்லாம் முடிவானது.

காற்று விஷயத்தில்தான் கணக்கு தப்பியது. பவர் சப்ளையின் ஃபேன் வெளிக்காற்றை உள்ளே இழுத்து ப்ராசஸர்மேல் ஊதும் என்பது முதல் திட்டம். அந்தக் காற்றோ பவர் சப்ளையின் சூட்டையும் சுமந்துகொண்டு வந்தது. பிறகு ஃபேனை வெளியே ஊதும்படி திருப்பினார்கள்.

2004-இல் வந்த பிரெஸ்காட் பென்டியம் 4-இன் வேகமான ரகங்கள் 100 வாட்டைத் தாண்டின. இன்டெல் பிடிஎக்ஸ் என்ற புது அமைப்பை முன்வைத்தது. பெட்டியின் முன்பக்கம் பெரிய ஃபேன், அதற்கு நேர் பின்னால் ப்ராசஸர், அதே காற்றோட்டத்தில் மற்ற சிப்புகள். ஏடிஎக்ஸ் பெட்டியில் தலைகீழாகத் தொங்கும் கிராஃபிக்ஸ் கார்டு இதில் முகம் நிமிர்ந்து காற்று வாங்கியது. குறை சொல்ல முடியாத யோசனை. டெல் போன்ற பெரிய நிறுவனங்கள் பயன்படுத்தவும் செய்தன.

ஆனால் சில்லறைக் கடைக்குப் போனால் கதை வேறு. பெட்டி, போர்டு, கூலர் எல்லாத்தையும் ஒரேயடியா மாத்தணும். ஏஎம்டியோ மெமரி கன்ட்ரோலரை ப்ராசஸருக்குள்ளேயே வைத்திருந்தது. பிடிஎக்ஸ் அடுக்கு அதற்குத் தோதாக இல்லை. கடைசியில் இன்டெல்லே வழி அடைத்தது. 2006-இல் வந்த கோர் 2 டுவோ 65 வாட்டில் அடங்கியது. சூடு தணிந்ததும் மருந்து எதற்கு? அதே வருடம் பிடிஎக்ஸைக் கைவிட்டார்கள்.

சூடு பிறகு வேறு வாசல் வழியாகத் திரும்பி வந்தது. 2022-இன் ஆர்டிஎக்ஸ் 4090 மட்டுமே 450 வாட், அதுவும் தலைகீழாகத் தொங்கியபடி. சல்லடை முகப்பு, கீழே இறங்கிய பவர் சப்ளை, கூடுதல் ஃபேன்கள் என்று பெட்டி செய்பவர்கள்தான் ஈடுகட்டுகிறார்கள். நல்ல வடிவமைப்பு தோற்றதே என்று வருத்தப்படலாம். ஆனால் பத்து வருடப் பழைய பெட்டியில் இன்றைய போர்டு திருகு மாறாமல் உட்காருகிறதே, அந்தத் தோல்விக்குக் கிடைத்த வட்டி அது.