மாமாவின் கிளாரினெட்டும் ஒரு கோணல் திருகாணியும்

சென்ற மாதம் ரொறன்ரோவிலிருந்து என் மாமாவின் பேரன் தொலைபேசியில் அழைத்தான். அங்கு பிறந்து வளர்ந்தவன். தமிழை எங்கள் வீட்டுத் தமிழாகவே பேசுவான்.

“மாமா, அப்பப்பாவின்ட கிளாரினெட் இப்ப என்னட்டத்தான் கிடக்கு. கழற்றித் துப்பரவாக்கப் போறன். எந்த ஸ்குரூ டிரைவர் வாங்கிறது? மற்றது, ஒரு ஸ்குரூவின்ட தலையில மட்டும் வெட்டு கோணலாக் கிடக்கு. அது ஏன் அப்பிடி?”

முதற் கேள்விக்கு ஆறுதலாகப் பதில் சொல்லலாம் என்று நினைத்தேன். இரண்டாவது கேள்விதான் என்னைச் சற்று நேரம் மௌனமாக்கியது. அந்தக் கோணல் வெட்டு எப்படி வந்தது என்பதை அறிந்தவர்கள் மூவர். அவர்களில் இன்று உயிரோடு இருப்பவன் நான் மட்டுமே.

1968ஆம் ஆண்டு. எனக்குப் பதினான்கு வயது. எங்கள் வீடு வெள்ளவத்தையில், கடற்கரை ரயில் பாதைக்கு அருகில் இருந்தது. மாமாவின் வீடு கொட்டாஞ்சேனையில். அக்காலத்தில் இலங்கையில் ஞாயிறு விடுமுறை இல்லை. போயா நாள்களே விடுமுறை. அப்படி விடுமுறை வந்தால் நான் பஸ் ஏறி மாமா வீட்டுக்குப் போய்விடுவேன். பகலில் மாமா துறைமுகத்தில் எழுதுவினைஞர். மாலையில் ஒரு பாண்ட் குழுவில் கிளாரினெட் வாசிப்பவர்.

கொட்டாஞ்சேனையை அறிந்தவர்களுக்கு அதன் ஓசைகள் நினைவிருக்கும். ஒரு பக்கம் சேர் பொன்னம்பலம் இராமநாதன் கருங்கல்லில் எழுப்பிய பொன்னம்பலவாணேஸ்வரர் ஆலயத்து நாதஸ்வரம். மறு பக்கம் சென் லூசியாப் பேராலயத்து மணி. ஜூன் 13ஆந் திகதி கொச்சிக்கடை அந்தோனியார் திருவிழா வந்தால் பாண்ட் வாத்தியம் தெருவை நிறைக்கும். மாமா சைவர், ஆயினும் அந்தோனியார் ஊர்வலத்தில் ஓர் ஆண்டும் வாசிக்கத் தவறியதில்லை.

அந்த ஆண்டு திருவிழாவுக்குச் சில நாள் முன்பு வந்த போயா விடுமுறையில், மாமா கடைக்குப் போயிருந்த வேளை, மேசைமேல் இருந்த கிளாரினெட்டின் ஒரு சாவி இறுகிக் கிடப்பதைக் கண்டேன். அதைத் திருத்திவைத்து அவரை வியப்பில் ஆழ்த்தலாம் என்று எண்ணினேன். மாமியின் தையல் இயந்திரத்தின் இழுப்பறையில் கிடந்த திருப்புளியை எடுத்துச் சாவியின் நீண்ட அச்சாணியைத் திருகினேன். அது அசையவில்லை. பலம் முழுவதையும் கொடுத்தேன். திருப்புளி வழுக்கியது. ஆணியின் தலையில் இருந்த வெட்டு ஒரு பக்கம் சிதைந்து போயிற்று; கருமரத்தில் நகத்தளவு கீறலும் விழுந்தது. மாமா திரும்பி வந்து பார்த்தார். ஒரு வார்த்தையும் பேசவில்லை. பெட்டியை மூடி எடுத்துக்கொண்டு, “வா” என்று மட்டும் சொன்னார்.

ஜம்பட்டா வீதியருகில் ஓர் ஒழுங்கையில் வாத்தியம் திருத்தும் முதியவர் ஒருவர் இருந்தார். சிங்களக் கத்தோலிக்கர், எங்களோடு தமிழிலேயே பேசுவார். ஆணியின் அடியில் ஒரு துளி எண்ணெய் விட்டு ஓரிரவு ஊறவைத்தார். மறுநாள் சூடாக்கிய ஈயப்பற்றுக் கோலை ஆணித் தலையில் சிறிது நேரம் வைத்தெடுத்தார். பின்னர் நகைத் தொழிலாளர் பயன்படுத்தும் மயிரிழை போன்ற வாளால், சிதைந்த வெட்டுக்குக் குறுக்கே சற்றுக் கோணலாகப் புதிய வெட்டொன்று போட்டார். தம்மிடமிருந்த திருப்புளிகளில் மூன்றை வைத்துப் பார்த்து, நான்காவதை எடுத்துத் திருகினார். ஆணி மெதுவாகக் கழன்று வந்தது. என்னிடம் அவர் சொன்னது இவ்வளவுதான்: “முதலில் ஆணியைப் பார், தம்பி. அதற்குப் பிறகு ஆயுதத்தைத் தேடு.”

அவர் சொன்னதன் காரணத்தைப் பல ஆண்டுகள் கழித்து, பத்திரிகைத் தொழிலுக்கு வந்த பின்பு, இவ்வாத்தியங்களின் வரலாற்றைப் படித்தபோதுதான் முழுமையாக உணர்ந்தேன்.

எங்கள் நாதஸ்வரத்தில் ஒரு திருகாணியும் இல்லை. ஆச்சா மரமும் சீவாளியும் வித்துவானின் விரல்களும் போதும். சுருதியைச் சரிசெய்ய அடிப்பக்கத் துளைகளில் மெழுகு வைப்பார்கள். ஐரோப்பியக் குழல்களும் தொடக்கத்தில் ஏறத்தாழ இத்தகையனவே. 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், ஜேர்மனியின் நூரம்பேர்க் நகரத்து டென்னரின் பட்டறையோடு தொடர்புபடுத்திப் பேசப்படும் முதல் கிளாரினெட்டுகளில் இரண்டே சாவிகள் இருந்தன. மரத்திலேயே செதுக்கிய புடைப்புகளுக்கு நடுவே ஒரு கம்பித் துண்டைச் செருகி அவற்றைப் பொருத்தினார்கள். திருப்புளிக்கு அங்கே வேலை இருக்கவில்லை.

19ஆம் நூற்றாண்டில் நிலைமை மாறியது. மியூனிக் நகரத்தவரான தியோபால்ட் போம் 1832இல், விரல் எட்டாத துளைகளையும் வளையங்களாலும் நீண்ட அச்சுகளாலும் மூடித் திறக்கும் புல்லாங்குழலைச் செய்தார். 1847இல் அதை மேலும் திருத்தினார். அவரது வழியைப் பின்பற்றிப் பாரிஸில் குளோசே என்ற கலைஞரும் புஃபே என்ற தொழிலாளரும் உருவாக்கிய கிளாரினெட் 1839இல் காட்சிக்கு வந்தது. இன்று அந்த வகைக் கிளாரினெட்டில் 17 சாவிகளும் 6 வளையங்களும் உள்ளன. பெல்ஜியத்தைச் சேர்ந்த அடொல்ஃப் சக்ஸ் 1846இல் சக்ஸபோனுக்குக் காப்புரிமை பெற்றார். மரத்தில் அல்லது பித்தளையில் சிறு உலோகத் தூண்கள். தூண்களுக்கிடையே உருக்கு அச்சாணிகள். சாவியை எழுப்பிவிட ஊசி போன்ற உருக்கு வில்கள். குழல் வாத்தியம் பாதி கடிகாரமாகிவிட்டது.

இங்கு ஒரு செய்தியைக் கவனிக்க வேண்டும். போம் ஒரு பொற்கொல்லரின் மகன். தாமும் அத்தொழிலைப் பயின்றவர். குழலின் மீது நகைத் தொழிலின் நுட்பத்தை ஏற்றியவர் அவர். கொட்டாஞ்சேனை முதியவர் தம் கருவிகளைப் புறக்கோட்டை இரும்புக் கடைகளில் வாங்குவதில்லை. பக்கத்திலுள்ள செட்டியார் தெருவில், நகைத் தொழிலாளருக்கும் மணிக்கூடு திருத்துவோருக்கும் கருவி விற்கும் இடங்களில் வாங்குவார். போமின் வரலாற்றை அவர் படித்திருப்பாரோ தெரியாது. ஆனால் தம் தொழிலின் உறவுமுறை அவருக்குத் தெரிந்திருந்தது.

பிரித்தானியாவில் விட்வேர்த் என்ற பொறியியலாளர் 1841இல் திருகாணிப் புரிகளுக்குப் பொது அளவுகளை முன்வைத்தார். மிகச் சிறிய ஆணிகளுக்கென்று 1884இல் இன்னோர் அளவு வரிசை வந்தது. அதற்குச் சுவிற்சர்லாந்தின் மணிக்கூட்டுத் தொழிலில் வழங்கிய அளவுகளே அடிப்படை. ஆனால் வாத்தியம் செய்வோர் பலர் இந்தப் பொது ஒழுங்குக்குள் முழுமையாக வரவில்லை. ஒவ்வொரு பட்டறையும் தனக்கென ஓர் அளவை வைத்திருந்தது. ஆகவே ஒரு பழைய கிளாரினெட்டின் ஆணி தொலைந்தால் அல்லது சிதைந்தால், அதற்கு இணையான ஒன்றைக் கடையில் வாங்குவது பெரும்பாலும் இயலாது, கடைந்துதான் செய்யவேண்டும். மாமாவின் மௌனத்துக்கு இதுதான் பொருள்.

இன்று நாம் எங்கும் காணும் சிலுவைத் தலை ஆணிக்கு, அமெரிக்கரான ஹென்றி பிலிப்ஸ் 1936இல் காப்புரிமை பெற்றார். கார்த் தொழிற்சாலைகளில் இயந்திரத் திருப்புளி தானாகவே ஆணியின் நடுவில் போய் அமர வேண்டும் என்பதே அதன் நோக்கம். வாத்தியங்களில் மட்டும் பழைய ஒற்றை வெட்டே பெரும்பாலும் நிலைத்துவிட்டது. அச்சாணியின் தலை மிகச் சிறியது. தூணுக்குள் அடங்கியிருக்க வேண்டியது. மேலும் ஒற்றை வெட்டுச் சிதைந்தால் திருத்துபவர் மேசையிலேயே இன்னொன்றை வெட்டிக்கொள்ளலாம். சிலுவைக் குழி சிதைந்தால் அப்படிச் செய்வது கடினம்.

இனி, பேரனின் முதற் கேள்விக்கு வருகிறேன்.

திருப்புளியின் நுனி அகலம் ஆணித் தலையிலுள்ள வெட்டின் நீளத்துக்குச் சமமாக இருக்க வேண்டும். அகலம் கூடினால் தூணின் விளிம்பைக் கீறும். குறைந்தால் முழுப் பலமும் வெட்டின் நடுவில் விழுந்து அதைச் சிதைக்கும். கிளாரினெட்டுக்கும் புல்லாங்குழலுக்கும் பெரும்பாலும் 1.5 முதல் 3 மில்லிமீற்றர் வரை போதும். சக்ஸபோனுக்குச் சற்றுப் பெரியதும் தேவைப்படும்.

அகலத்தை விடத் தடிப்பு முக்கியம். நுனி வெட்டை நிரப்ப வேண்டும். வெட்டுக்குள் ஆடக் கூடாது. வீட்டுத் திருப்புளிகளின் நுனி ஆப்புப்போலச் சரிந்திருக்கும். திருகும்போது அந்தச் சரிவே அதை வெட்டிலிருந்து மேலே தள்ளிவிடும். 1968இல் என் கையில் நடந்தது அதுதான். நுனியின் இரு முகங்களும் இணையாகத் தீட்டப்பட்டதையே வாங்க வேண்டும். அப்படிக் கிடைக்காவிடில், சற்றுத் தடித்த ஒன்றை வாங்கி எண்ணெய்க் கல்லில் தேய்த்து ஆணிக்கு ஏற்றவாறு பொருத்திக்கொள்ளலாம்.

தலையில் சுழலும் மூடியுள்ள மணிக்கூட்டுத் திருப்புளி, சிறு ஆணிகளுக்கு நன்று. சுட்டுவிரலால் அழுத்தியபடி மற்ற விரல்களால் திருகலாம். ஆனால் இறுகிய நீண்ட அச்சாணிக்கு அதன் மெல்லிய பிடி போதாது. கைக்குள் அடங்கும் தடித்த பிடியும், சாவிகளுக்கிடையே நுழையும் நீண்ட தண்டும் வேண்டும். எதனைப் பிடித்தாலும் ஆணிக்கு நேர்க்கோட்டில் பிடிக்க வேண்டும். இறுகிய ஆணியை முதலில் மயிரளவு இறுக்கிப் பார்த்து, பின்பு கழற்றுவது நல்லது. கழற்றிய ஆணிகளை ஓர் அட்டையில் துளையிட்டு, எடுத்த வரிசையிலேயே குத்திவைக்க வேண்டும். ஒன்றின் இடத்தில் மற்றொன்று போகாது.

ட்றம்பெட் போன்ற பித்தளை வாத்தியங்களில் திருப்புளிக்கு வேலை குறைவு. 1839இல் பாரிஸில் பெரினே வடிவமைத்த வகையைச் சேர்ந்த அவற்றின் வால்வுகளின் மூடிகள் கையால் கழற்றுவதற்கே செய்யப்பட்டவை. எச்சில் நீரை வெளியேற்றும் சிறு சாவியின் ஆணி, சுழல் வால்வுள்ள கொம்பு வாத்தியத்தின் சில ஆணிகள் ஆகியனவே விதிவிலக்கு. அவற்றுக்கும் மேற்சொன்ன விதிகளே.

கொழும்பில் இன்னொரு பகை உண்டு. அது கடற்காற்று. வெள்ளவத்தை வீடுகளில் யன்னற் கம்பியே சில ஆண்டுகளில் துருவேறிவிடும். உருக்கு அச்சாணி எம்மாத்திரம்? ஆண்டுக்கொருமுறை ஆணிகளைக் கழற்றி, துடைத்து, ஒரு துளி எண்ணெய் விட்டுவைத்தால் இறுகாது. அன்று நான் கண்ட சாவி அவ்வாறு கவனியாமல் இறுகியதுதான்.

1983 ஜூலையில் மாமாவின் வீடு எரிக்கப்பட்டது. மணவறைப் படம், கல்விச் சான்றிதழ்கள், மாமியின் தையல் இயந்திரம் யாவும் போயின. கிளாரினெட் மட்டும் தப்பியது. தோல் மெத்தைகளை மாற்றுவதற்காக அதனை முதியவரிடம் கொடுத்திருந்தார் மாமா. அகதி முகாமில் இருந்த எங்களைத் தேடிப் பிடித்து, பழைய துணியொன்றில் சுற்றி அவர் கொண்டுவந்து கொடுத்தார். கூலி வாங்க மறுத்துவிட்டார். அடுத்த ஆண்டு மாமா கனடாவுக்குப் போனார். அந்த ஒழுங்கைக் கடை பின்னர் மூடப்பட்டது. கொட்டாஞ்சேனையிலும் வெள்ளவத்தையிலும் இருந்து சிதறிப் போன குடும்பங்களின் அலுமாரிகளில், ரொறன்ரோவிலும் லண்டனிலும் மெல்பேர்ணிலும், இப்படி எத்தனை வாத்தியங்கள் ஊமையாகக் கிடக்கின்றனவோ. அவற்றைத் திறக்கப் போகும் பேரப்பிள்ளைகளின் கையில் இருப்பது எந்தத் திருப்புளி என்பது எனக்கு அற்ப விஷயமாகத் தோன்றவில்லை.

இவையெல்லாவற்றையும் பேரனுக்குச் சொன்னேன். கோணல் வெட்டு என்னால் வந்தது என்பதையும் சொன்னேன். அவன் சிரித்தான். அந்த வெட்டு மற்றவற்றைவிட அகலமானது. ஆகவே அந்த ஒரு ஆணிக்கெனத் தனியாக ஒரு திருப்புளியைத் தீட்டிக்கொள்ளும்படி கூறினேன்.

இரண்டு வாரம் கழித்து மீண்டும் அழைத்தான். எல்லா ஆணிகளும் சேதமின்றிக் கழன்றுவிட்டனவாம்.

“மாமா, அந்தக் கோணல் ஸ்குரூவை மட்டும் புதுசாச் செய்விச்சுப் போடட்டோ?”

“புரி கெட்டிருக்கோ?”

“இல்லை. நல்லாத்தான் இருக்கு.”

“அப்ப அது அப்பிடியே இருக்கட்டும், ராசா” என்றேன்.