அப்பா கிளப்பிய சத்தம்

1884-ல் லண்டனில் ஹிராம் ஸ்டீவன்ஸ் மாக்சிம் என்ற அமெரிக்கர் ஒரு பயங்கரத்தை உருவாக்கினார். விசையை அழுத்திப் பிடித்தால் நிமிடத்துக்குச் சுமார் 600 குண்டுகளைத் துப்பும் இயந்திரத் துப்பாக்கி அது. உலகப் படைகள் போட்டி போட்டு வாங்கின. பணம் கொட்டியது, சர் பட்டமும் வந்தது. ஆனால், வருடக்கணக்கில் வெடிச்சத்தத்தோடு வாழ்ந்த மாக்சிமின் காதுகள் கேட்கும் திறனை இழந்தன. அந்தச் சத்தத்தோடு மோதப் பிறந்தவர், அப்போது அமெரிக்காவில் வளர்ந்துகொண்டிருந்தார்.

அவர்தான் மாக்சிமின் மகன், ஹிராம் பெர்சி மாக்சிம். எம்.ஐ.டி.யில் படித்துவிட்டு, ஹார்ட்ஃபோர்டு நகரில் மோட்டார் வண்டிகளோடு மல்லுக்கட்டிய பொறியாளர். குறிபார்த்துச் சுடுவதில் அவருக்குத் தீராத ஆசை. ஆனால், தன் பொழுதுபோக்கு அக்கம்பக்கத்தாருக்கு இடைஞ்சலாவது மனதை உறுத்தியது. சத்தத்தின் மூலத்தைத் தேடினார். குண்டைத் தள்ளிவரும் வெடிமருந்து வாயு, குழல்வாயைத் தாண்டியதும் சட்டென்று விரிகிறது. காதை அறைவது அதுதான். குண்டு வெளியேறியதும் வழியை அடைக்கும் வால்வுகளைச் செய்து பார்த்தார். ஒன்றும் பலிக்கவில்லை. குண்டுக்கு வழிவிட வேண்டும், வாயுவை மறிக்க வேண்டும். ஒரே துளையில் இரண்டும் எப்படி நடக்கும்?

ஒரு நாள் காலை, குளித்து முடித்தவரின் கண் தொட்டியில் வடியும் தண்ணீர் மீது பதிந்தது. நீர் சுழன்று சுழன்று இறங்கியது. நடுவில் மட்டும் ஓர் ஓட்டை திறந்தே இருந்தது. வாயுவையும் இப்படிச் சுழலவிட்டால்? துப்பாக்கியின் வாயில் திருகும் ஓர் உருளை, அதற்குள் வளைந்த தகடுகள், அவற்றை ஊடுருவும் நேர்த்துளை. குண்டு நேராகப் பாய்ந்தது. வாயு தகடுகளில் சிக்கிச் சுழன்று, வேகம் தணிந்து, மெல்ல வெளியேறியது. 1909 மார்ச் 30 அன்று காப்புரிமை கிடைத்தது. ஆனால், எல்லாத் துப்பாக்கிக்கும் ஒரே உருளை சரிப்படுமா?

சரிப்படவில்லை. துளை குறுகலாக இருந்தால் குண்டு தகட்டில் இடித்து உருளையையே பிளந்துவிடும். அகலமாக இருந்தால் குண்டோடு வாயுவும் நழுவிவிடும். ஆகவே காலிபருக்கு, அதாவது குண்டின் விட்டத்துக்கு, தக்கபடி தனித்தனி அளவுகளில் உருளைகள் விற்பனைக்கு வந்தன. குறிபார்க்கும் முள்ளை மறைக்காதபடி, 1910 மாடலில் துளை நடுவிலிருந்து மேலே நகர்ந்தது. மருந்து குறைவான பாயிண்ட் 22 தோட்டாவின் சத்தம் அருமையாக அடங்கியது. பெரிய ரைஃபிள்களிலோ புது எதிரி முளைத்தது. ஒலியை முந்தும் குண்டு காற்றைக் கிழிக்கையில், சாட்டை சொடுக்கியதுபோல ஒரு சத்தம்! உருளையைத் தாண்டிய பிறகும் அது குண்டோடு தொடர்ந்தது. உருளையால் அதை அடக்க வழியே இல்லை. ஆனாலும் முன்னாள் அமெரிக்க ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ட்டே தன் வின்செஸ்டர் ரைஃபிளில் ஒன்றை மாட்டிக்கொண்டார். அதே வேளையில், வேறொரு பயமும் பரவத் தொடங்கியது.

கொலைகாரன் கையில் இந்த உருளை கிடைத்தால்? 1934-ல் அமெரிக்க அரசு தேசியத் துப்பாக்கிச் சட்டத்துக்குள் இதையும் கொண்டுவந்து, 200 டாலர் வரி போட்டது. ஒருசில டாலருக்கு விற்ற பொருள் அது! ஹிராம் பெர்சியின் நிறுவனமோ அதற்கு முன்பே எஞ்சின்களின் இரைச்சலை அடக்கும் தொழிலுக்குத் தாவியிருந்தது. உருளையின் கதை அத்தோடு முடிந்ததா?

முடியவில்லை. பின்லாந்து, நார்வே வேட்டைக்காரர்கள் இன்று சர்வசாதாரணமாகத் திருகிக்கொள்ளும் சைலன்சர் அந்த உருளையின் வாரிசுதான். வாங்கப் போனால் முதல் கேள்வி இன்றும் காலிபர்தான். மரையும் அழுத்தம் தாங்கும் திறனும் பொருந்தினால், 30 காலிபர் சைலன்சரில் அதைவிடச் சிறிய குண்டும் போகும். சத்தம் கொஞ்சம் கூடும், அவ்வளவே. சிறிய துளையில் பெரிய குண்டை விட்டால் விபரீதம். சினிமாவில் வரும் 'ப்யூ' என்ற முனகல் பெரிய ரைஃபிளில் கிடைக்காது, காதடைப்பானும் தேவைதான். அடுத்தவருக்குத் தொந்தரவு கூடாது என்று நினைத்த மனிதர் செய்த பொருள் இது. அந்த நினைப்போடு பயன்படுத்துவதே அவருக்குச் செய்யும் மரியாதை.