ஒரே விகித வரியும் இறையிலி நிலமும்: கொடும்பாளூரை முன்வைத்து ஓர் ஆய்வு

வருமான வரியை எடுத்துவிட்டு எல்லோருக்கும் ஒரே விகிதத்தில் ஒரு வரி போட்டால் போதும் என்ற யோசனை இந்தியாவில் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை தலைதூக்குகிறது. புனேயைச் சேர்ந்த அர்த்தகிராந்தி அமைப்பு, வங்கிப் பரிவர்த்தனை மீது சிறிய வரி ஒன்று விதித்துவிட்டுப் பெரும்பாலான மற்ற வரிகளைக் கைவிடலாம் என்கிறது. வருமான வரியையே ஒழிக்க வேண்டும் என்று சுப்பிரமணியன் சுவாமி பல மேடைகளில் பேசியிருக்கிறார். இந்த வாதங்களுக்கெல்லாம் உலக அளவில் உரமிட்டவர்கள் அமெரிக்காவின் ஹூவர் நிறுவனத்தைச் சேர்ந்த ராபர்ட் ஹால், ஆல்வின் ரபுஷ்கா இருவரும். 1980களின் தொடக்கத்தில் அவர்கள் வகுத்த திட்டத்தில் விகிதம் 19 விழுக்காடு. வரிக் கணக்கு முழுவதும் ஓர் அஞ்சலட்டையில் அடங்கிவிடும் என்பதே அதன் பெரிய கவர்ச்சி.

விகிதம் எத்தனை என்பதைச் சுற்றியே இந்த விவாதம் நடக்கிறது. வரி வரலாற்றைப் பார்த்தால் சிக்கல் அங்கே இருந்ததாகத் தெரியவில்லை. எதற்கு வரி, எதற்கு விலக்கு, அதை யார் அளப்பது என்ற மூன்று கேள்விகளில்தான் ஒவ்வொரு காலத்து வரியும் முடிச்சுப் போட்டுக்கொண்டிருக்கிறது. புதுக்கோட்டை மாவட்டத்துக் கொடும்பாளூரையும் அது சார்ந்திருந்த ஆட்சிகளையும் வைத்து இதை நிறுவ முயல்கிறது இக்கட்டுரை.

நெல்லாக வந்த வரி

திருச்சிராப்பள்ளியிலிருந்து மதுரைக்குப் போகும் பெருவழியில், விராலிமலைக்கு அருகே உள்ள கொடும்பாளூர், கோனாட்டை ஆண்ட இருக்குவேளிரின் தலைநகரம். சேக்கிழார் பாடிய இடங்கழி நாயனார் இவ்வூர்க் குறுநில மன்னர். அடியார் ஒருவர் சிவனடியார்க்கு அமுது படைக்க நெல்லில்லாமல் நள்ளிரவில் அரண்மனை நெற்கொட்டாரத்துக்குள் புகுந்து காவலரிடம் பிடிபடுகிறார். விவரம் கேட்ட மன்னர் அவரை விடுவித்ததோடு, அடியார்கள் வேண்டியதை எடுத்துக்கொள்ளக் கொட்டாரத்தையே திறந்துவிடுகிறார். பக்திக் கதைதான். ஆனாலும் வரி ஆய்வாளருக்கு இதில் இரண்டு செய்திகள் கிடைக்கின்றன. அரசின் வருவாய் நெல்லாகக் குவிந்து கிடந்தது ஒன்று. குவிந்ததை யாருக்குத் திறந்துவிடுவது என்பது மன்னரின் ஒரு சொல்லில் இருந்தது மற்றொன்று.

அந்தச் சொல் கல்லில் ஏறியதற்கும் இதே ஊரில் சான்று உண்டு. மூவர் கோயில் என்று இன்று அழைக்கப்படும் தளிகளை எடுப்பித்தவன் பூதி விக்கிரமகேசரி. தன் பெயராலும் தன் மனைவியர் கற்றளி, வரகுணை பெயராலும் மூன்று கோயில் எழுப்பினான்; இரண்டு எஞ்சியிருக்கின்றன. அவன் காலம் 9ஆம் நூற்றாண்டின் இறுதியா, 10ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியா என்பதில் அறிஞர்கள் இன்னும் ஒன்றுபடவில்லை. நமக்கு வேண்டியது அங்குள்ள வடமொழிக் கல்வெட்டின் கடைசிப் பகுதி. மதுரையைச் சேர்ந்த மல்லிகார்ச்சுனர் என்ற காளாமுகச் சைவத் துறவிக்குப் பெரிய மடம் ஒன்றைக் கொடுத்து, 50 துறவியர்க்கு உணவளிக்க 11 ஊர்களையும் அவன் கொடுத்திருக்கிறான். அந்த ஊர்களின் உழவர்களுக்கு இதனால் சுமை குறைந்திருக்கும் என்று நினைக்க வேண்டியதில்லை. கொட்டாரத்துக்குப் போன நெல் மடத்துக்குப் போயிருக்கும், அவ்வளவே. விலக்கு என்பது பெரும்பாலும் வரி இல்லாமை அல்ல, வரி போய்ச் சேரும் கை மாறுவது. இன்றைய வரிவிலக்குப் பட்டியலைப் படிக்கும்போதும் இதை மனத்தில் வைத்துக்கொள்வது நல்லது.

சோழப் பேரரசின் மையப் பகுதியில் இது இன்னும் தெளிவாகத் தெரிகிறது. முதலாம் இராசராசன் தஞ்சைப் பெரிய கோயிலுக்கு வழங்கிய ஊர்களின் கணக்கில், நன்செய்க்கு வேலிக்கு ஏறத்தாழ 100 கலம் நெல் என்ற விகிதம் ஊருக்கு ஊர் திரும்பத் திரும்ப வருகிறது. ஏறக்குறைய ஒரே விகித வரி என்றே சொல்லலாம். ஆனால் அக்கல்வெட்டுகள் விகிதத்தோடு தொடங்குவதில்லை. ஊரின் மொத்த நிலத்தை மா, காணி, முந்திரிகை, அதற்கும் கீழ் எனப் பின்னத்தின் பின்னமாகச் சொல்கின்றன. பிறகு குடியிருப்பு, கோயில், குளம், ஊடறுத்துப் போகும் வாய்க்கால், பறைச்சேரி, கம்மாளச்சேரி, சுடுகாடு என இறையிலியாக, அதாவது வரியின்றி, நீங்கும் நிலங்களை ஒவ்வொன்றாகக் கழிக்கின்றன. மீதி நிலத்துக்குத்தான் நெல். எழுத்தனின் உழைப்பெல்லாம் கழிப்பதிலேயே போயிருக்கிறது. பெருக்குவது ஒரு வரி வேலை. விகிதம் ஒன்றானால் கணக்கு எளிதாகிவிடும் என்பவர்கள் பார்க்க வேண்டிய ஆவணம் இது.

வணிகத்தில் கதை வேறு. கொடும்பாளூர் மணிக்கிராமத்தாரின் பெயர் தமிழகத்தின் பல ஊர்க் கல்வெட்டுகளில் வருகிறது. இவர்களைப் போன்ற வணிகக் குழுக்கள் தங்கள் மேல் தாங்களே விதித்துக்கொண்ட கொடைவரிக்குச் சிறந்த சான்று, 13ஆம் நூற்றாண்டினது எனக் கருதப்படும் பிரான்மலைக் கல்வெட்டு. உப்பு, நெல், அரிசி, பாக்கு, மிளகு, இரும்பு, பருத்தி, நூல் எனச் சரக்குக்குச் சரக்கு, பொதிக்குப் பொதி தனித்தனி அளவு குறிக்கப்பட்டிருக்கிறது. வரி போட்டவர்களும் கட்டியவர்களும் ஒரே வணிகர்கள்தான். அவர்கள்கூட ஒரே விகிதத்தைத் தேர்ந்துகொள்ளவில்லை என்பதை இந்த விவாதத்தில் ஒருவரும் பேசுவதில்லை.

அமானியும் இனாமும்

பிற்காலத்தில் கொடும்பாளூர் தொண்டைமான்களின் புதுக்கோட்டைச் சமஸ்தானத்துக்குள் இருந்தது. பக்கத்துத் திருச்சிராப்பள்ளி ஜில்லாவில் ஆங்கிலேயர் ரயத்துவாரி முறையில் நிலத்துக்கு இவ்வளவு எனப் பணமாகத் தீர்வை வாங்கிக்கொண்டிருந்தபோது, சமஸ்தானத்தில் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி வரை அமானி நீடித்தது. விளைச்சலில் சர்க்காருக்குப் பாதி, குடிக்குப் பாதி. ஒரே விகிதம் என்றால் இதைவிடத் தூய வடிவம் கிடையாது. விளைந்தால் இருவருக்கும் உண்டு, பொய்த்தால் இருவருக்கும் இல்லை. காகிதத்தில் பார்த்தால் இவ்வளவு நியாயமான வரி வேறில்லை.

நடைமுறையோ நேர்மாறு. பாதி என்றால் எதில் பாதி? அதைக் கண்டறிய அறுவடைக்கு முன் வயலில் காவல், களத்தில் நெற்பொலிக்குக் காவல், அளக்க ஆள், அளப்பவனைக் கண்காணிக்க ஆள், கொட்டாரத்துக்குக் கணக்கு என்று ஒரு பெரும் பரிவாரமே தேவைப்பட்டது. ஒவ்வொரு படியிலும் நெல் கொஞ்சம் குறைந்தது. அதிகாரி வந்து பார்க்கும் வரை அறுக்கவும் முடியாமல் குடியானவன் காத்திருந்தான். 1878 முதல் 1894 வரை திவானாக இருந்த சர் ஏ. சேஷய்ய சாஸ்திரி இந்த முறையை ஒழித்துப் பணத் தீர்வையைக் கொண்டுவந்தார். பங்கின் நியாயத்தை விட்டுக்கொடுத்து நிலையான தொகையின் நிச்சயத்தை வாங்கிக்கொண்டது அந்தச் சீர்திருத்தம். மழை பொய்த்தாலும் தீர்வை நிற்காது என்பது அதன் விலை.

ஆக, ஒரே விகிதம் என்பதிலேயே இரண்டு வகை உண்டு: விளைவில் பங்கு, நிலத்துக்குத் தொகை. முன்னது வருமானத்தை அளந்தாக வேண்டும்; பின்னது அளக்கத் தேவையில்லை, ஆனால் வருமானத்தைப் பொருட்படுத்தாது. இன்று ஒரே விகித வருமான வரி கேட்பவர்கள் முன்னதன் நியாயத்தையும் பின்னதன் எளிமையையும் சேர்த்துக் கேட்கிறார்கள். இரண்டையும் ஒன்றாகத் தந்த வரியைப் புதுக்கோட்டை கண்டதில்லை.

சேஷய்ய சாஸ்திரிக்கு அமானியைவிடப் பெரிய தலைவலி இனாம்தான். படைப்பணி, கோயில், பிராமணர், ஊர் ஊழியம் என்ற பெயர்களில் சமஸ்தானத்தின் சாகுபடி நிலத்தில் பாதிக்கும் மேல் வரி இல்லாமலோ பெயரளவு வரியோடோ கிடந்தது. படை தேவைப்படாத காலத்திலும் படைமானியம் தொடர்ந்தது. 1888இல் தொடங்கிய இனாம் செட்டில்மெண்ட் அந்நிலங்களுக்கு உரிமை கொடுத்து ஒரு தொகை விதித்தது. புதுக்கோட்டையைப் பற்றி எழுதிய மானுடவியலாளர் நிக்கலஸ் டர்க்ஸ், மானியம் என்பது இந்த அரசில் வரி இழப்பு அன்று, மன்னனுக்கும் குடிக்கும் இடையே இருந்த உறவின் வடிவமே அதுதான் என்று வாதிட்டார். எனக்கு அது பாதி உண்மையாகத்தான் படுகிறது. உறவு மன்னனுக்கும் மானியதாரருக்கும் இருந்தது. விலக்கு பெறாதவன் அந்த உறவின் செலவைச் சுமந்தான்.

சென்னையில் எழுந்த எதிர்ப்பு

சமஸ்தான எல்லைக்கு வெளியே இதே காலத்தில் வேறொரு சண்டை. 1857 எழுச்சியை அடக்கிய செலவில் கடன் ஏறிப்போக, லண்டனிலிருந்து நிதி உறுப்பினராக வந்த ஜேம்ஸ் வில்சன் 1860இல் இந்தியாவின் முதல் வருமான வரியைக் கொண்டுவந்தார். ஆண்டுக்கு 200 ரூபாய் முதல் 500 வரை 2 விழுக்காடு, அதற்கு மேல் 4 விழுக்காடு. அதில் ஒரு பங்கு பொதுப்பணிக்கு. சென்னை ஆளுநர் சர் சார்லஸ் டிரவெல்யன் இதைக் கடுமையாக எதிர்த்தார். செலவை, குறிப்பாகப் படைச் செலவை, குறைத்தாலே போதும், மக்கள் அறியாத நேரடி வரி வேண்டாம் என்பது அவர் வாதம். வாதத்தோடு நிற்காமல் தன் குறிப்பைப் பத்திரிகைகளில் வெளியிட்டுவிட்டார். லண்டன் அவரைத் திரும்ப அழைத்துக்கொண்டது. வில்சன் அதே ஆண்டு ஆகஸ்டில் கல்கத்தாவில் இறந்தார். டிரவெல்யனோ சில ஆண்டுகளில் இந்தியாவின் நிதி உறுப்பினராகவே திரும்பி வந்தார். அவர் பொறுப்பில் இருந்த 1865இல் அந்த வரி காலாவதியானது. இந்திய நிதி வரலாற்றில் இவ்வளவு நிறைவான பழிவாங்கல் வேறு நினைவுக்கு வரவில்லை.

1886ஆம் ஆண்டுச் சட்டம்தான் வருமான வரியை நிலைநிறுத்தியது. 2,000 ரூபாய்க்கு மேல் ரூபாய்க்கு 5 தம்பிடி. ரூபாய்க்கு 192 தம்பிடி இருந்த காலம், ஆகவே ஏறத்தாழ 2.6 விழுக்காடு. அதற்குக் கீழே ஏறத்தாழ 2 விழுக்காடு. லட்சாதிபதிக்கும் நடுத்தர வக்கீலுக்கும் ஒரே விகிதம் 30 ஆண்டுகள் நடந்தது. அதை மாற்றியது சமத்துவக் கொள்கை அல்ல, முதல் உலகப் போர். 1916இல் விகிதம் படிப்படியாக ஏறி 25,000 ரூபாய்க்கு மேல் ரூபாய்க்கு ஓர் அணா ஆனது. அடுத்த ஆண்டு அதற்கு மேல் சூப்பர் வரி. அதன்பின் ஏறிய விகிதம் 1970களின் தொடக்கத்தில் கூடுதல் வரியோடு 97.75 விழுக்காட்டைத் தொட்டது. இவ்வளவு உயர்ந்த விகிதமே கறுப்புப் பணத்தை வளர்க்கிறது என்று நேரடி வரிகளை ஆராய்ந்த வாஞ்சூ குழு சொன்ன பிறகு இறக்கம் தொடங்கியது. ராஜா செல்லையா குழுவின் பரிந்துரையும், 1997இல் நிதியமைச்சர் ப. சிதம்பரம் அறிவித்த 10, 20, 30 என்ற மூன்று விகிதங்களும் அந்த இறக்கத்தின் படிகள்.

1886ஆம் ஆண்டுச் சட்டம் இன்னொன்றையும் செய்தது. 1860இல் வரி வலைக்குள் இருந்த வேளாண் வருமானத்தை வெளியே விட்டது. நிலவரி ஏற்கெனவே வாங்குகிறோம் என்பது காரணம். நிலவரி இன்று பெயரளவுக்குச் சுருங்கிவிட்டது. விலக்கு அப்படியே இருக்கிறது.

அண்மைக் காலச் சான்று

ஒரே விகிதத்தைச் செய்து பார்த்த நாடுகளின் அனுபவம் கலவையானது. எஸ்டோனியா 1994இல் 26 விழுக்காட்டோடு தொடங்கி இன்னும் கைவிடவில்லை. ரஷ்யா 2001இல் 13 விழுக்காடு வைத்தது, 2021இல் உயர் வருமானத்துக்குக் கூடுதல் விகிதம் சேர்த்தது. 2004இல் 19 விழுக்காடு கொண்டுவந்த ஸ்லோவாக்கியா 2013இல் அதை விட்டது. ரஷ்யாவில் வரி வசூல் ஏறியதை ஆதரவாளர்கள் காட்டுவார்கள். பன்னாட்டு நிதியத்தின் ஆய்வாளர்கள் 2005இல் அதை ஆராய்ந்து, ஏற்றத்துக்கு விகிதக் குறைப்புதான் காரணம் என்று சொல்ல முடியவில்லை, வசூல் நிர்வாகம் இறுகியதும் காரணமாகலாம் என்றார்கள். களத்தில் காவல் என்று புதுக்கோட்டையில் சொன்னது அதைத்தான்.

ஒரே விகிதம் ஏழைக்கு அநீதி என்ற எதிர்வாதமும் முழுதாக நிற்காது. முதல் 4 லட்சத்துக்கு விலக்களித்து மீதிக்கு 20 விழுக்காடு என்று வையுங்கள். 8 லட்சம் பெறுபவர் கட்டுவது 80,000, அதாவது மொத்தத்தில் 10 விழுக்காடு. 40 லட்சம் பெறுபவர் கட்டுவது 7,20,000, அதாவது 18 விழுக்காடு. விகிதம் ஒன்றே; சுமையை ஏற்றி இறக்குவது விலக்கு. இங்கேயும் விவாதிக்க வேண்டியது 20 என்ற எண்ணை விட 4 லட்சம் என்ற எல்லையை.

இதற்கு நம் கண்முன்னே உள்ள சான்று 2020இல் வந்த புதிய வரி முறை. பழைய முறையில் 5, 20, 30 என்று மூன்றே விகிதங்கள்; கூடவே சேமிப்பு, வீட்டு வாடகை, காப்பீடு, வீட்டுக் கடன் என்று கழிவுகளின் நீண்ட பட்டியல். 2025ஆம் ஆண்டு நிதிநிலை அறிக்கைக்குப் பின் புதிய முறையில் 5 முதல் 30 வரை ஆறு விகிதங்கள்; கழிவுகள் பெரும்பாலும் இல்லை. விகிதங்களின் எண்ணிக்கை இரட்டிப்பானது, கணக்கு எளிதானது. மார்ச் மாதம் ரசீது தேடி அலைந்த சம்பளக்காரரைக் கேட்டால் எது எளிது என்று சொல்லிவிடுவார்.

மிஞ்சுவது கொடும்பாளூர் வயல். 1973ஆம் ஆண்டு முதல், வேளாண் வருமானம் 5,000 ரூபாயைத் தாண்டினால் அதை மற்ற வருமானத்தோடு சேர்த்துக் கூட்டி, மற்ற வருமானத்துக்கான விகிதத்தை மட்டும் உயர்த்தும் ஏற்பாடு இருக்கிறது. பண்ணை வருமானம் என்ற போர்வையில் வேறு வருமானத்தை மறைப்போரை ஓரளவாவது தொடும் கருவி இது ஒன்றுதான். விகிதங்கள் படிப்படியாக ஏறினால்தான் அது பெரிதும் வேலை செய்யும். ஒரே விகிதமானால் அதன் பல் போய்விடும். வேளாண் வருமானத்துக்கு நேரடியாக வரி விதிக்கும் அதிகாரமோ அரசியலமைப்பின் ஏழாம் அட்டவணையில் மாநிலப் பட்டியலின் 46ஆம் பதிவில் இருக்கிறது. 1972இல் கே. என். ராஜ் குழு வேளாண் உடைமை வரி ஒன்றைப் பரிந்துரைத்தும் மாநிலங்கள் அதைத் தொடவில்லை. இந்த விலக்கை அப்படியே வைத்துக்கொண்டு நாடாளுமன்றம் எந்த ஒரே விகித வரியை இயற்றினாலும், அது சம்பளக்காரருக்கும் கடைக்காரருக்கும் மட்டுமான ஒரே விகிதமாகவே இருக்கும்.