கண்காட்சியில் மர இயந்திரம் வாங்குவது – ஒரு பழைய பழக்கத்தின் கதை

வாலாஜாபாத் என்றதும் வாலாஜாபேட்டையை நினைத்துக்கொள்பவர்கள் உண்டு. இரண்டும் வேறு வேறு ஊர்கள். வாலாஜாபேட்டை ராணிப்பேட்டைக்குப் பக்கத்தில் இருக்கிறது. வாலாஜாபாத் காஞ்சிபுரம் மாவட்டத்தில், பாலாற்றங்கரையில் இருக்கிறது. இரண்டுக்கும் பெயர் கொடுத்தவர் ஒருவரே, ஆற்காடு நவாப் முகமது அலி வாலாஜா. 18-ஆம் நூற்றாண்டின் கடைசியில் வாலாஜாபாத்தில் கம்பெனிப் படை தங்கியிருந்தது, நெசவாளர்கள் நெய்துகொண்டிருந்தார்கள். இன்று அந்த ஊர் ரயில் நிலையத்தில் புத்தம் புதுக் கார்கள் சரக்கு ரயிலில் ஏறுகின்றன. வண்டலூரிலிருந்து படப்பை, ஒரகடம் வழியாக வரும் சாலை வந்து சேருவது இங்கேதான்.

அந்தச் சாலையில் எல்லோரும் காரைப் பற்றித்தான் பேசுவார்கள். மரத்தைப் பற்றி யாரும் பேசுவதில்லை. ஆனால் எஞ்சினோ, கண்ணாடியோ, உதிரிபாகமோ, கப்பலேறும் சரக்குக்கு அடியில் பெரும்பாலும் ஒரு மரப் பேலட் இருக்கும், இல்லாவிட்டால் சுற்றிலும் ஒரு மரப்பெட்டி இருக்கும். 1998-ல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் ஓடத் தொடங்கியது. 2000-ல் ஸ்ரீபெரும்புதூரில் செயின்ட் கோபைன் கண்ணாடி. 2010-ல் ஒரகடத்தில் ரெனோ-நிசான், 2012-ல் டெய்ம்லர் லாரிகள். ஒவ்வொரு ஆலை வந்தபோதும் அதன் நிழலில் பலகை அறுக்கவும் ஆணி அடிக்கவும் வேலை வந்தது. ரம்பம், இழைப்புளி, சுத்தியலோடு இருந்த பட்டறைக்காரருக்கு இயந்திரம் வாங்கவேண்டிய நேரமும் வந்தது.

எங்கே வாங்குவது? "கண்காட்சிக்குப் போய்ப் பார்த்து வாங்குங்க சார்" என்பதுதான் வழக்கமான பதில். நல்ல பதில்தான். ஆனால் பாதிப் பதில். மீதிப் பாதி ஏன் விட்டுப்போகிறது என்பதற்கு இருநூறு வருட வரலாறு இருக்கிறது.

மாதிரியைக் காட்டி விற்றவர்

மரவேலை இயந்திரங்களின் முதல் பெரிய வியாபாரம் கண்காட்சியில் நடக்கவில்லை. வாங்கியது இங்கிலாந்தின் கடற்படை.

பாய்மரக் கப்பலில் கயிறுகளை இழுக்க மரக் கப்பி வேண்டும். 74 பீரங்கிக் கப்பல் ஒன்றுக்கே சுமார் 1,000 கப்பிகள் தேவைப்பட்டன. கப்பியின் உடல் எல்ம் மரம், உள்ளே சுழலும் சக்கரம் லிக்னம் வைட்டே என்ற இரும்பு மாதிரிக் கட்டை. இவற்றைச் செய்ய மார்க் பிருனெல் என்பவர் இயந்திரங்களை யோசித்தார். முதலில் கடற்படைக்குக் கப்பி செய்துகொடுத்த ஒப்பந்தக்காரர்களிடம் போனார். அவர்கள் வேண்டாம் என்றுவிட்டார்கள். அப்புறம் ஹென்றி மாட்ஸ்லே செய்துகொடுத்த சிறிய மாதிரிகளைக் கடற்படையிடம் காட்டினார். அங்கே பொறுப்பில் இருந்த சாமுவேல் பெந்தாம் மரவேலை இயந்திரங்களுக்குத் தாமே காப்புரிமை வாங்கியவர். விஷயம் தெரிந்தவர் என்பதால் உடனே புரிந்துகொண்டார். 1802-ல் அனுமதி கிடைத்தது.

போர்ட்ஸ்மவுத்தில் 45 இயந்திரங்கள் வரிசையாக நின்றன. 1808-ல் ஓராண்டில் 1,30,000 கப்பிகள் வெளிவந்தன. 110 தேர்ந்த தொழிலாளர்கள் செய்த வேலையைத் தேர்ச்சி இல்லாத 10 பேர் செய்தார்கள் என்று கணக்கு.

அந்த நூறு பேர் என்ன ஆனார்கள் என்பதை இந்தக் கணக்கைச் சொல்பவர்கள் பெரும்பாலும் சொல்வதில்லை. இயந்திரத்தைக் கண்டு மரம் அறுப்பவர்கள் பயந்தது வீண்பயம் இல்லை. 1768-லேயே லண்டன் லைம்ஹவுஸில் காற்றாலையால் ஓடிய ஓர் அறுவை மில்லை அறுப்புத் தொழிலாளர்கள் திரண்டு வந்து உடைத்தார்கள்.

இங்கே கவனிக்கவேண்டியது இன்னொன்று. கடற்படைக்கு என்ன மரம், என்ன அளவு, வருஷத்துக்கு எத்தனை என்று எல்லாம் தெரியும். அதற்கென்றே செய்த இயந்திரத்தை வாங்கினார்கள். அதனால் ஏமாற்றம் இல்லை. பின்னால் வந்த சிறு பட்டறைக்காரர்களுக்கு இந்த வசதி கிடைக்கவில்லை. யாருக்கோ செய்ததைப் பார்த்து, தனக்கு ஆகுமா என்று ஊகித்து வாங்கவேண்டிய நிலை அவர்களுடையது.

லண்டனில் இயந்திரம், சென்னையில் மரம்

1851-ல் லண்டன் ஹைட் பார்க்கில் கண்ணாடி மாளிகையில் மாபெரும் கண்காட்சி. மே 1 முதல் அக்டோபர் 15 வரை சுமார் 60 லட்சம் வருகைகள். ஒரு பகுதியில் இயந்திரங்கள் நீராவியால் ஓடிக்கொண்டே இருந்தன. வெறும் படமாக இல்லாமல், மாதிரியாகவும் இல்லாமல், ஓடும் இயந்திரத்தையே பொதுமக்கள் நின்று பார்த்தார்கள். ஒரே ஒரு விசித்திரம், பொருள்களின் மேல் விலை எழுதக்கூடாது என்று விதி! இது சந்தை இல்லை, கல்வி என்பது அமைப்பாளர்களின் எண்ணம். (இன்றும் பல ஸ்டால்களில் விலை கேட்டால் "உங்க விசிட்டிங் கார்டு கொடுங்க, கொட்டேஷன் அனுப்பறோம்" என்கிறார்கள். காரணம் வேறு, பழக்கம் அதேதான்.)

நான்கு வருஷம் கழித்து, 1855-ல், சென்னையிலும் ஒரு கண்காட்சி நடந்தது. அருங்காட்சியகத்தின் தலைவராக இருந்த மருத்துவர் எட்வர்ட் பால்ஃபர் அதில் முன்னின்றவர். 1857-ல் மறுபடியும் நடந்தது. ஆனால் அதன் பெயரிலேயே சென்னையின் இடம் எது என்று தெரிந்துவிடும்: தென்னிந்தியாவின் மூலப்பொருள்கள், கலைகள், கைத்தொழில்கள். லண்டனில் ஓடும் இயந்திரத்தை வைத்தார்கள். இங்கே மூலப்பொருளை முன்னால் வைத்தார்கள்.

இயந்திரம் ஒரு கூடத்தில், அது அறுக்கவேண்டிய மரம் கடல் தாண்டி இன்னொரு கூடத்தில். இரண்டும் ஒரே மேசையில் சந்திக்கவில்லை. மர இயந்திரம் வாங்குபவரின் பிரச்சினை முழுவதும் இந்த ஒரு வரியில் அடங்கிவிடுகிறது. மரம் என்பது இரும்பைப் போல ஒரே குணம் உள்ள பொருள் இல்லை. தேக்கில் சிலிக்கா இருக்கிறது. மணல் கலந்த கட்டையை அறுப்பது மாதிரி, பிளேடின் கூர் சீக்கிரம் போய்விடும். ஈரமான மரத்தின் தூள் பிளேடில் ஒட்டிக்கொள்ளும். கணு வந்தால் பிளேடு நெளியும். ஐரோப்பாவின் காய்ந்த பீச் மரத்தில் வெண்ணெய் மாதிரி ஓடும் இயந்திரம் நம்மூர்க் கருவேலத்தில் என்ன செய்யும் என்பதை ஸ்டாலில் பார்க்க முடியாது.

பிளேடு இல்லாத இயந்திரம்

பேண்ட்சாவின் கதையே இதற்குச் சாட்சி. இரண்டு சக்கரங்களின் மேல் சுற்றும் நாடா ரம்பம். இதற்கு வில்லியம் நியூபெரி 1809-லேயே இங்கிலாந்தில் காப்புரிமை வாங்கிவிட்டார். இயந்திரம் தயார், ஆனால் நாடா அறுந்துகொண்டே இருந்தது! வளைந்து வளைந்து ஓடும் எஃகு நாடாவை அறுகாமல் இணைக்கத் தெரியவில்லை. 1846-ல் பிரான்சில் க்ரெப்பான் என்ற பெண்மணி நாடாவை இணைக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். அதைப் பாரிஸின் பெரின் நிறுவனம் வாங்கிக்கொண்டது. அதன் பிறகுதான் பேண்ட்சா பட்டறைகளுக்குள் வந்தது. கிட்டத்தட்ட 40 வருஷம் இயந்திரம் பிளேடுக்காகக் காத்திருந்தது என்று சொல்லலாம்.

இன்னொரு கதை ஜெர்மனியில். லைப்சிக் சந்தை பல நூற்றாண்டுப் பழமையானது. வியாபாரிகள் மூட்டை மூட்டையாகச் சரக்கைக் கொண்டுவந்து விற்ற இடம். 1890-களில் அது மாறியது. சரக்கு வேண்டாம், மாதிரி மட்டும் போதும். பார்த்து ஆர்டர் கொடுங்கள், பொருள் பிறகு வரும் என்று ஆனது. இன்றைய வர்த்தகக் கண்காட்சியின் தாய் இதுதான். அதே லைப்சிக்கில் 1927 வசந்த காலச் சந்தையில் க்ரூப் நிறுவனம் ஒரு புதுப் பொருளைக் காட்டியது. டங்ஸ்டன் கார்பைடு. வைரத்தைப் போல என்று பொருள்படும் ஜெர்மன் சொற்களைச் சுருக்கி அதற்கு விடியா என்று பெயர் வைத்தார்கள். 1964-ல் பெங்களூரில் விடியா இந்தியா என்ற நிறுவனமே வந்துவிட்டது. கார்பைடு முனைக்கு "விடியா" என்று சொல்லும் பழக்கம் நம்மூர்ப் பட்டறைகளில் இன்னமும் உண்டு. தேக்கை இயந்திரத்தில் அறுப்பவருக்கு, பளபளக்கும் பெரிய மெஷினைவிட இந்தச் சின்னப் பல்தான் பெரிய உதவி.

ஹனோவரும் பெங்களூரும்

போருக்குப் பின் 1947-ல் ஹனோவர் சந்தை தொடங்கியது. மர இயந்திரங்களுக்கு இடம் போதாமல் 1975-ல் லிக்னா என்று தனிக் கண்காட்சியே பிரிந்தது. ஒற்றைப்படை ஆண்டுகளில் நடப்பது. ஜெர்மனி, இத்தாலி, ஆஸ்திரியா நிறுவனங்கள் புதுச் சரக்கை முதலில் இறக்குவது பெரும்பாலும் அங்கேதான்.

1991-க்கு முன் நம்மூர்ச் சிறு பட்டறைக்காரருக்கு இதெல்லாம் எட்டாத விஷயம். இறக்குமதி லைசென்ஸ், அந்நியச் செலாவணி, அதிக வரி. பெரும்பாலோர் உள்ளூரில் வார்த்த இயந்திரத்தோடு காலம் தள்ளினார்கள். தாராளமயத்துக்குப் பிறகு கதவு திறந்தது. இண்டியாவுட் என்ற மரத்தொழில் கண்காட்சி பெங்களூரில் வளர்ந்தது. 2007-ல் தும்கூர் சாலையில் பெங்களூரு சர்வதேசக் கண்காட்சி மையம் வந்தபின் அதற்கு இடமும் பெரிதாயிற்று. காஞ்சிபுரம் பக்கத்துப் பட்டறைக்காரர் ராத்திரி பஸ் ஏறினால் காலையில் இத்தாலி இயந்திரத்தின் முன்னால் நிற்கலாம்!

சென்னையிலேயே நந்தம்பாக்கம் வர்த்தக மையம் இருக்கிறதே என்று கேட்கலாம். அங்கே அம்பத்தூர் தொழிற்பேட்டை உற்பத்தியாளர்கள் நடத்தும் ஆக்மி பேர்பெற்றது. ஆனால் அது இரும்பை வெட்டும் இயந்திரங்களுக்கான கண்காட்சி. மோட்டார் நகரத்தில் மரத்துக்கு இரண்டாம் இடம்தான்.

ஸ்டாலில் தெரியாதவை

ஒரகடம் சாலையில் பேலட் செய்பவர் கண்காட்சியில் எதைப் பார்ப்பார்? முதலில் கண்ணைப் பறிப்பது தானியங்கி ஆணி அடிக்கும் இயந்திரம். ஐரோப்பாவின் 1200 x 800 மி.மீ. யூரோ பேலட்டில் 11 பலகை, 9 கட்டை, 78 ஆணி. எல்லாம் ஒரே அளவு. அதே பேலட்டை நாள் முழுக்க ஆயிரக்கணக்கில் அடிப்பவருக்கு அந்த இயந்திரம் தெய்வம். ஆனால் திங்கட்கிழமை எஞ்சின் பெட்டி, செவ்வாய்க்கிழமை கண்ணாடிச் சட்டம், புதன்கிழமை வேறு அளவுப் பேலட் என்று ஆர்டர் வருபவருக்கு? அளவு மாற்றி அமைப்பதிலேயே பாதி நாள் போகும். அவருக்குக் காற்றழுத்த ஆணித் துப்பாக்கி நாலு போதும். ஸ்டாலில் கூட்டம் இல்லாத பொருள் அது.

கூட்டம் இல்லாத இன்னொன்று ரம்பத்தின் தடிமன். 200 மி.மீ. கட்டையை 20 மி.மீ. பலகைகளாக அறுப்பதாக வைத்துக்கொள்வோம். வெட்டுவாய் 5 மி.மீ. என்றால் 8 பலகை. 2 மி.மீ. என்றால் 9 பலகை. ஒவ்வொரு கட்டைக்கும் ஒரு பலகை மிச்சம்! 1982-ல் அமெரிக்காவில் தொடங்கிய வுட்-மைசர் போன்ற நிறுவனங்கள் மெல்லிய பிளேடை வைத்தே வளர்ந்தது இந்தக் கணக்கினால்தான். ஆனால் மெல்லிய பிளேடு கணுவில் அலையும், அடிக்கடி தீட்டவேண்டும். தீட்டத் தெரிந்த ஆள் பட்டறையில் இல்லாவிட்டால் ஒன்பதாவது பலகை கோணலாகத்தான் வரும்.

அப்புறம் சூடு. 1996-ல் நியூயார்க்கில் ஆசிய நீள்கொம்பு வண்டு மரங்களைத் தின்றுகொண்டிருப்பது கண்டுபிடிக்கப்பட்டது. சீனாவிலிருந்து வந்த மரப்பெட்டிகளில் ஒளிந்து வந்திருக்கவேண்டும் என்று முடிவாயிற்று. 2002-ல் ஐ.எஸ்.பி.எம். 15 என்ற சர்வதேச விதி வந்தது. பெட்டி மரத்தின் நடுப்பகுதி 56 டிகிரி செல்சியஸில் தொடர்ந்து 30 நிமிடம் இருக்கவேண்டும், அல்லது மெத்தில் புரோமைடு புகை போடவேண்டும். பிறகு கோதுமைக்கதிர் முத்திரை. 2005-ல் ஐரோப்பிய ஒன்றியமும் அமெரிக்காவும் இதை நடைமுறைப்படுத்தின. முத்திரை இல்லாத பேலட்டோடு போகும் சரக்கு துறைமுகத்திலேயே தடுக்கப்படலாம். ஆக, ஏற்றுமதிப் பேலட் செய்பவருக்கு ரம்பத்துக்கு முன்னால் யோசிக்கவேண்டியது சூடேற்றும் அறையும் வெப்பநிலைப் பதிவும். வெளியிலிருந்து பார்த்தால் அது வெறும் கதவு போட்ட பெட்டி. யார் நின்று பார்ப்பார்கள்?

லைசென்ஸும் அப்படித்தான். கோதவர்மன் வழக்கில் 1996 டிசம்பர் 12-ல் உச்ச நீதிமன்றம் போட்ட உத்தரவு நாடெங்கும் அறுவை மில்களின் தலையெழுத்தை மாற்றியது. 2002-ல் மத்திய அதிகாரக் குழுவின் அனுமதி இல்லாமல் புது சாமில் திறக்கத் தடை வந்தது. 2016-ல் புதிய வழிகாட்டு விதிகள் வந்தன. அறுத்த பலகையை வாங்கி இழைப்பது ஒன்று, முழுக்கட்டையை அறுப்பது வேறொன்று. கட்டை அறுக்கும் இயந்திரத்துக்கு அட்வான்ஸ் கொடுத்துவிட்டு வனத்துறைக்கு அலைவதைவிட, முதலில் வனத்துறையில் கேட்டுவிட்டுக் கண்காட்சிக்குப் போவது நல்லது.

மின்சாரம் இன்னொரு பாடம். 2008-க்குப் பின் சில ஆண்டுகள் தமிழ்நாட்டில் மின்வெட்டு வாட்டியது. 2012-ல் சென்னைக்கு வெளியே மிக மோசம். கண்காட்சி அரங்கில் கரண்ட் போவதில்லை. பட்டறையில் வெட்டின் நடுவில் போனால் பலகை பாழ். கம்ப்யூட்டர் வைத்த இயந்திரம் என்றால் அமைத்ததை மறுபடி அமைக்கவேண்டும். ஜெனரேட்டர் விலையையும் சேர்த்தே இயந்திர விலையைக் கணக்குப் போடவேண்டிய காலம் அது.

இதனால்தான் அனுபவப்பட்ட சில வியாபாரிகள் கண்காட்சியிலேயே முன்பணம் கொடுப்பதில்லை. அங்கே பார்ப்பார்கள், கேட்பார்கள், அதே இயந்திரம் ஏற்கெனவே ஓடுகிற ஒரு பட்டறையின் முகவரியை வாங்கிக்கொள்வார்கள். பிறகு வேனில் தங்கள் கட்டைகளையே ஏற்றிக்கொண்டு அங்கே போவார்கள்: கொஞ்சம் பைன், கொஞ்சம் ரப்பர் மரம், கணு விழுந்த நாட்டுக்கட்டை நாலு, நேற்று வந்த ஈரப் பலகை சில. ஓட்டிக் காட்டச் சொல்வார்கள். இயந்திரத்தைப் பற்றி முதலாளியிடம் கேட்கமாட்டார்கள். அதை ஓட்டுகிற பையனைத் தனியாக டீக்கடைக்குக் கூட்டிப்போய், "தம்பி, மாசத்துல எத்தனை நாள் நிக்குது? பிளேடு எங்க தீட்டறீங்க?" என்றுதான் கேட்பார்கள்.