அளவற்ற தரவும் அடைபட்ட வாயிலும்: ஒரு சட்ட வரலாறு

‘அன்லிமிடெட்’ என்று விற்கப்பட்ட தரவுத் திட்டத்தின் வேகம் குறிப்பிட்ட அளவைத் தாண்டியதும் குறைக்கப்பட்டபோது, வாடிக்கையாளர் எழுப்பிய வினா எளியது: அளவற்றது என்ற சொல்லுக்குப் பொருள் என்ன? ஆனால் அவ்வினாவை வேறொன்று முந்திக்கொண்டு வழிமறித்தது: இதை விசாரிக்கும் அதிகாரம் யாருக்கு உண்டு?

அமெரிக்காவில் ஏ.டி. அண்டு டி. நிறுவனம் 2010-இல் அளவற்ற திட்டத்தைப் புதியவர்களுக்கு நிறுத்தியது. பழைய வாடிக்கையாளர்களுக்கு அதைத் தொடர அனுமதித்து, 2011 முதல் அவர்களுடைய வேகத்தைக் குறைத்தது. 35 லட்சத்துக்கும் மேற்பட்டோர் பாதிக்கப்பட்டதாக 2014 அக்டோபரில் கூட்டாட்சி வணிக ஆணையம் வழக்குத் தொடுத்தது. தான் ஒரு பொதுச்சேவை நிறுவனம் ஆதலால் ஆணையத்தின் வரம்புக்கு அப்பாற்பட்டது என்று நிறுவனம் வாதிட்டது. 2018-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அவ்வாதத்தை நிராகரித்தது. 2019-இல் 6 கோடி டாலருக்கு உடன்பாடு ஏற்பட்டது. தனிமனிதரின் வழியோ இன்னும் குறுகலானது. கூட்டு வழக்கைத் தடுத்து, தனித்தனி நடுவர் தீர்வுக்கு அனுப்பும் ஒப்பந்த விதியை 2011-இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம், அதே நிறுவனம் தொடர்பான வேறொரு வழக்கில், செல்லும் என்றது. எஞ்சியது சிறு வழக்கு மன்றம். கலிபோர்னியாவில் வாடிக்கையாளர் ஒருவர் 2012-இல் அங்கு 850 டாலர் இழப்பீடு பெற்றார்.

இந்தியாவில் வாயிலை அடைத்தது தனியார் ஒப்பந்தமன்று, தந்திச் சட்டம். 1885-ஆம் ஆண்டின் அச்சட்டத்தில் பின்னர் சேர்க்கப்பட்ட 7பி பிரிவு, தந்திக் கம்பி, கருவி தொடர்பான பிணக்குகளை மத்திய அரசு நியமிக்கும் நடுவரிடம் ஒப்படைத்தது. தொலைபேசி அரசின் தனியுரிமையாக இருந்த காலத்து ஏற்பாடு அது. 2009-இல் ஒரு தொலைபேசித் துண்டிப்பு வழக்கில், இப்பிரிவு இருப்பதால் நுகர்வோர் மன்றத்தை அணுக இயலாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தனியார் கைபேசி நிறுவனங்களும் அத்தீர்ப்பையே கேடயமாக்கிக் கொண்டன.

இடைக்காலத்தில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் செயலற்று இருந்ததாகக் கூற முடியாது. ‘நியாயப் பயன்பாட்டு வரம்பு’ எவ்வளவு, அதன்பின் வேகம் என்ன என்பவற்றை வெளிப்படையாக அறிவிக்குமாறு 2012-இல் பணித்தது. 2016-இல் நிலைவழி அகன்ற அலைவரிசை இணைப்புக்கு 512 கேபிபிஎஸ் என்ற கீழ்வரம்பையும் விதித்தது. ஆனால் அந்தக் கீழ்வரம்பு கைபேசித் தரவைத் தொடவில்லை. அங்கு வரம்புக்குப் பின் 64 கேபிபிஎஸ் என்பது வழக்கமாயிற்று. தனிநபர் புகாரைத் தீர்த்துவைப்பதும் ஆணையத்தின் பணியன்று. ஆக, விளம்பரத்தில் பெரிய எழுத்தில் வந்த சொல்லுக்குச் சிறிய எழுத்து பொருள் வகுத்தது. அதைத் தனிமனிதர் எதிர்த்து வாதிடும் இடம் ஐயத்துக்குரியதாகவே நீடித்தது.

2022 பிப்ரவரியில் நிலை மாறியது. மாதம் சராசரியாக 555 ரூபாய் செலுத்திவந்த அகமதாபாத் வாடிக்கையாளர் ஒருவருக்கு 24,609 ரூபாய்க்குக் கட்டணப் பட்டியல் வந்த வழக்கு அது. 7பி பிரிவு நுகர்வோர் மன்றத்தின் அதிகாரத்தை விலக்கவில்லை என்று உச்ச நீதிமன்றத்தின் மூவர் அமர்வு தெளிவுபடுத்தி, 2009-ஆம் ஆண்டுத் தீர்ப்பு சட்டத்தைச் சரியாக எடுத்துரைக்கவில்லை என்றது. 2023-ஆம் ஆண்டின் தொலைத்தொடர்புச் சட்டமும் நுகர்வோர் மன்றத்தை நாடும் உரிமையைக் காத்துள்ளது.

இவ்வரலாறு உணர்த்துவது ஒன்றே. வெளிப்படைத்தன்மை என்பது உரிமையின் முதற்படி மட்டுமே. வரம்பை முன்கூட்டியே அறிவித்துவிட்டால், அதை ‘அளவற்றது’ என்று விற்பது நேர்மையாகிவிடுமா? அவ்வினாவை எழுப்பச் சாமானியருக்கு ஒரு மன்றம் உண்டு என்பது உறுதிப்படவே பதின்மூன்று ஆண்டுகள் தேவைப்பட்டன.