வேட்டை நாயும் வேத வசனமும்

நம் வீடுகளில் நாய் என்றவுடன் முதலில் நினைவுக்கு வருவது ஏழு முறை கழுவும் சட்டம்தான். தெருவில் நாய் உரசிவிட்டால் பிள்ளைகள் பதறிக்கொண்டு ஓடி வருகிறார்கள். ஈரமாக இருந்ததா, காய்ந்திருந்ததா என்று தாய்மார்கள் விசாரிக்கிறார்கள். ஷாஃபிஈ மத்ஹபைப் பின்பற்றும் ஊர்களில் இந்த விசாரணைக்குத் தனி நுணுக்கமே உண்டு. அதே பிள்ளைகள் மதரஸாவில் அல்மாயிதா அத்தியாயத்தின் நான்காம் வசனத்தின் பொருளைப் படிக்கும்போது திகைத்து நிற்கிறார்கள். பயிற்சியளிக்கப்பட்ட வேட்டைப் பிராணிகள் நமக்காகப் பிடித்துத் தருவதை உண்ணலாம் என்று இறைமறை அனுமதிக்கிறது. பயிற்றுவிப்போரைக் குறிக்க அங்கே ஆளப்பட்டுள்ள ‘முகல்லிபீன்’ என்ற சொல், நாயைக் குறிக்கும் ‘கல்ப்’ என்ற வேரிலிருந்தே பிறந்தது. தொட்டால் கழுவச் சொல்லும் நாயின் வாயிலிருந்து வந்த இறைச்சியை எப்படி உண்பது என்று ஒரு பிள்ளை கேட்டால், அது நியாயமான கேள்வி. அதற்கு விடை தேடிப் போனால் வேட்டையின் நெடிய வரலாறு ஒன்று நம் முன் விரிகிறது.

அந்த வரலாற்றின் முதல் மனிதர் அதீ பின் ஹாத்திம் (ரலி). கொடைக்குப் பெயர்பெற்ற ஹாத்திம் தாயியின் மகன் அவர். தய்யி குலத்தின் தலைவராகவும் கிறித்தவராகவும் இருந்து, பிறகு இஸ்லாத்தைத் தழுவியவர். அக்குலத்தார் வாழ்ந்த வட அரேபிய மலைச்சாரல்களில் வேட்டை பொழுதுபோக்கு அல்ல, வயிற்றுப்பாடு. ஆகவே நபி (ஸல்) அவர்களிடம் அவர் கேட்டவை வேட்டைக்காரனுக்கே எழும் கேள்விகள். நாய் பிடித்ததை உண்ணலாமா? நாய் அதிலிருந்து கொஞ்சம் தின்றுவிட்டால்? நம் நாயுடன் வேறு நாய்களும் சேர்ந்துகொண்டால்? ‘மிஅராள்’ என்னும் எறிகோல் கூர்முனையால் தைக்காமல் பக்கவாட்டில் அடித்துக் கொன்றால்? அம்பு பட்ட பிராணி தண்ணீரில் விழுந்து செத்தால்?

புகாரியிலும் முஸ்லிமிலும் பதிவாகியுள்ள அந்த விடைகளின் சாரம் இது. அல்லாஹ்வின் பெயரைக் கூறி, பயிற்சி பெற்ற நாயை ஏவினால், அது பிடித்துக் கொன்றதும் ஆகுமானது. நாய் அதிலிருந்து தின்றுவிட்டால் உண்ணக் கூடாது; அது தனக்காகவே பிடித்திருக்கிறது. வேறு நாய்கள் கலந்துவிட்டாலும் கூடாது. இறைநாமம் கூறப்பட்டது நம் நாயின் மீது மட்டுமே. கூர்முனை தைத்தால் உண்ணலாம், பக்கவாட்டு அடியில் செத்தால் கூடாது. தண்ணீரில் விழுந்ததும் கூடாது. கொன்றது அம்பா, நீரா என்று தெரியாது. அபூ ஸஅலபா அல்குஷனீ (ரலி) கேட்டபோது இன்னொரு வாயிலும் திறந்தது: பயிற்சி பெறாத நாய் பிடித்தாலும், உயிருடன் கைக்குக் கிடைத்து நாம் அறுத்துவிட்டால் உண்ணலாம்.

இங்கே ஒரு நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். அறுப்பவரின் கையில் கத்தி செய்யும் வேலையை இங்கே ஒரு விலங்கின் பல் செய்கிறது. அந்தப் பல்லுக்கு அத்தகுதியைத் தருவது கல்வி. ஹிஜ்ரி எட்டாம் நூற்றாண்டின் பேரறிஞர் இப்னுல் கய்யிம், கல்வியின் சிறப்பைப் பேசும்போது இதையே சான்றாக எடுத்துக் காட்டினார். கற்ற நாய் பிடித்தது ஹலால், கல்லாத நாய் கொன்றது ஹராம் என்று சட்டம் பிரிக்கிறதே, அறிவுக்கு இதைவிட வேறென்ன மதிப்பு வேண்டும் என்பது அவருடைய வாதம்.

அப்படியானால் நாய் எப்போது ‘கற்றது’ ஆகிறது? ஏவினால் பாய வேண்டும், அதட்டினால் நிற்க வேண்டும், பிடித்ததைத் தின்னாமல் வைத்திருக்க வேண்டும். இமாம் அபூஹனீஃபாவின் மாணவர்களான அபூயூசுஃபும் முஹம்மதும், மூன்று முறை தின்னாமல் விட்டுவிட்டால் பயிற்சி முடிந்ததாகக் கணக்கிட்டார்கள். வல்லூறுக்கு ஹனஃபீ மத்ஹபில் இந்த நிபந்தனை இல்லை. அழைத்தால் திரும்பி வந்தால் போதும். அடித்துத் திருத்தத் தாங்கும் உடல் நாய்க்கு உண்டு, பறவைக்கு இல்லை என்று காரணமும் சொன்னார்கள். மாலிகீ மத்ஹபிலோ நாய் சிறிது தின்றிருந்தாலும் மீதியை உண்ணலாம். இவற்றை வெறும் ஏட்டுச் சுரைக்காய் என்று நினைத்துவிடக் கூடாது. நாயின் குணத்தையும் பறவையின் குணத்தையும் அருகிருந்து பார்த்தவர்களின் அனுபவம் இந்த வரிகளுக்குள் இருக்கிறது.

பிள்ளையின் கேள்விக்கும் சட்டநூல்களிலேயே விடை உண்டு. ஷாஃபிஈ மத்ஹபின் வலுவான கருத்துப்படி, நாயின் பல் பட்ட இடத்தை ஏழு முறை, அதில் ஒரு முறை மண் கலந்து கழுவிவிட்டால் போதும். அவ்விடத்தை வெட்டி எறிய வேண்டியதில்லை. மாலிகீ அறிஞர்கள் நாய் அசுத்தமே அல்ல என்றார்கள். அந்த வசனம் உண்ணச் சொல்கிறதே தவிரக் கழுவச் சொல்லவில்லை என்பது அவர்கள் காட்டும் சான்றுகளில் ஒன்று. தேவையின்றி நாய் வளர்ப்பவரின் நன்மையிலிருந்து நாள்தோறும் குறையும் என்று எச்சரித்த நபிமொழியும் வேட்டை நாய், கால்நடைக் காவல் நாய், வயற்காவல் நாய் ஆகியவற்றுக்கு விலக்களித்தே பேசுகிறது. உழைக்கும் நாய்க்கு மார்க்கத்தில் இடம் உண்டு. தாகத்தால் தவித்த நாய்க்குத் தண்ணீர் தந்தவர் மன்னிக்கப்பட்ட செய்தியும் நாம் அறிந்ததே. நாயைக் கண்டதும் கல்லெடுக்கும் வழக்கத்தை நம் பிள்ளைகள் எங்கிருந்து கற்றார்களோ, நிச்சயமாக ஹதீஸிலிருந்து அல்ல.

அரபுப் பாலைவனத்தின் வேட்டை நாய் ‘ஸலூகி’. ஒடுங்கிய வயிறும் நீண்ட கால்களும் கொண்டது. மோப்பத்தைவிடப் பார்வையை நம்பி ஓடுவது. பதூவியர் பலர் இதனை ‘நாய்’ என்று சொல்வதையே விரும்பாமல், ‘அல்ஹுர்’ என்று, அதாவது குலத்தால் உயர்ந்தது என்ற பொருளில் அழைத்தார்கள், கூடாரத்துக்குள்ளும் அனுமதித்தார்கள். அதன் முதன்மையான இரை மானும் முயலும்.

முயலைப் பற்றி அனஸ் (ரலி) அறிவிக்கும் செய்தி ஒன்று இளமைத் துடிப்புடன் இருக்கிறது. மக்காவுக்கு அருகே மர்ருழ் ழஹ்ரானில் அவர்கள் ஒரு முயலைக் கிளப்பிவிட்டார்கள். எல்லோரும் துரத்திக் களைத்துப்போன பின் அனஸ் அதைப் பிடித்துவிட்டார். அபூதல்ஹா (ரலி) அதை அறுத்துத் தொடைப்பகுதியை நபி (ஸல்) அவர்களுக்கு அனுப்ப, அவர்கள் ஏற்றுக்கொண்டார்கள். முயல் ஹலால் என்பதற்கு நம் அறிஞர்கள் காட்டும் முதன்மையான சான்று இதுவே. நாயில்லாமல் காலால் ஓடிப் பிடித்த முயல் அது.

தமிழில் ‘முயல்’ என்று ஒரே சொல்லால் நாம் சுட்டுவது உண்மையில் இரண்டு வகை. அரேபியாவிலும் நம் நாட்டுக் காடுகளிலும் இருப்பது வளை தோண்டாமல் புதர் நிழலில் பதுங்கி, ஆள் வந்தால் பாய்ந்தோடும் முயல். அதைப் பிடிக்க வேகமான நாய் போதும். ஸ்பெயின் நாட்டின் முயலோ மண்ணுக்கடியில் வளை தோண்டிக் கூட்டமாக வாழ்வது. வளைக்குள் ஸலூகி என்ன செய்யும்? அங்கே வேறொரு பிராணி தேவைப்பட்டது: கீரியைப் போல நீண்டு ஒல்லியான, மனிதர் பழக்கிய ‘ஃபெரெட்’. ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த கிரேக்க நிலவியலாளர் ஸ்ட்ராபோ இதை விவரித்திருக்கிறார். ஆப்பிரிக்காவிலிருந்து கொண்டுவந்து வளர்த்த அப்பிராணிகளுக்கு வாய்க்கட்டுப் போட்டு வளைக்குள் விடுவார்கள். அவை முயலை நகங்களால் வெளியே இழுத்து வரும், அல்லது வெளியே ஓடச் செய்யும். அங்கே காத்திருப்பவர்கள் பிடித்துக்கொள்வார்கள். பயிரை அழித்த முயல்களிடமிருந்து காக்கப் படை அனுப்புமாறு பலேரிக் தீவினர் ரோமப் பேரரசர் அகஸ்டஸிடம் முறையிட்டதாகப் பிளினி எழுதியிருக்கிறார்.

அதே மண்ணில்தான் பின்னர் அந்தலூஸ் மலர்ந்தது. அங்கே வாழ்ந்த முஸ்லிம்கள் இந்த வளைமுயலை ‘அர்னப்’ என்ற பழைய அரபுப் பெயரோடு குழப்பிக்கொள்ளாமல், லத்தீன் வழியே வந்த ‘குனில்யா’ என்ற தனிப் பெயரால் அழைத்தார்கள். 13ஆம் நூற்றாண்டு அந்தலூஸிய எழுத்தாளர் இப்னு ஸஈத், அது அர்னபைவிடச் சிறியது, சுவையில் மேலானது, அதன் மென்மயிர்த் தோலை மக்கள் உடுத்துகிறார்கள் என்று குறித்ததை மக்கரீயின் நூலில் காண்கிறோம். கடலுக்கு அக்கரையில் ஸப்தா நகருக்கு அது கொண்டுபோகப்பட்டதையும், தம் காலத்தில் துனிஸை எட்டியதையும் சொல்கிறார். ஒரு முயலின் கடற்பயணத்தை இத்தனை அக்கறையோடு எழுதி வைத்திருக்கிறார்கள்.

ஃபெரெட்டின் உதவியால் பிடித்த முயல் ஆகுமா? வாய்க்கட்டிட்ட ஃபெரெட் முயலை வலைக்குள் விரட்ட, அதை உயிருடன் எடுத்து அறுத்தால் பேச்சுக்கே இடமில்லை. வளைக்குள்ளேயே அது கடித்துக் கொன்றுவிட்டால்தான் சிக்கல். வசனத்தின் ‘ஜவாரிஹ்’ என்ற சொல் நாயோடு நிற்காமல் வல்லூறு, வேட்டைச் சிவிங்கி என்று பயிற்சி ஏற்கும் பிராணிகள் அனைத்தையும் தழுவும் என்பதே பெரும்பான்மை அறிஞர்களின் கருத்து. எனினும் ஏவியவரின் சொல்லுக்கு அது கட்டுப்பட வேண்டுமே! இருட்டு வளைக்குள் போன பிராணியை அதட்டி நிறுத்துவது யார்? ஆகவே பேணுதல் அறுப்பிலேயே இருக்கிறது என்பது எங்கள் எண்ணம்.

இனிக் காட்டுப்பன்றி. உண்பது ஹராம் என்பதில் இரு கருத்தில்லை. அதன் விற்பனையும் நபிமொழியால் தடுக்கப்பட்டது. ஆனால் பயிரை அழிக்கும்போது விரட்டுவதற்கும் கொல்வதற்கும் நம் அறிஞர்கள் தடை சொல்லவில்லை. மொராக்கோவிலும் அல்ஜீரியாவிலும் மலையடிவார உழவர்களுக்கு இது ஏட்டில் படிக்கும் மஸ்அலா அல்ல. அங்கே சிங்கம் மறைந்தது, சிறுத்தை அருகியது. பன்றியைத் தின்பாரும் இல்லை. பெருகிய கூட்டங்கள் இரவில் இறங்கி விளைநிலத்தை உழுதுவிடுகின்றன. நாய்களோடும் பறையொலியோடும் ஊரார் திரண்டு விரட்டுகிறார்கள். மொராக்கோவின் வனத்துறையே இத்தகைய வேட்டைகளுக்கு ஏற்பாடு செய்கிறது. கொன்றது உணவாகாது, விலையும் ஆகாது. காக்கப்பட்ட விளைச்சல் மட்டுமே ஆதாயம்.

தேவை இருந்த இடத்தில் வேட்டை இப்படி அளவோடு நின்றது. அரண்மனைகளுக்குள் நுழைந்ததும் அதன் முகம் மாறியது. ஜோர்தான் பாலைவனத்தில் இன்றும் நிற்கும் குஸைர் அம்ரா என்னும் உமையா மாளிகையின் சுவர்களில், நாய்கள் காட்டுக்கழுதைகளை வலைக்குள் துரத்தும் ஓவியங்களைக் காணலாம். முகலாயப் பேரரசர் ஜஹாங்கீர் தம் ஐம்பதாவது வயது வரை தம் முன்னிலையில் வேட்டையாடப்பட்டவை 28,532 என்றும், அவற்றுள் தாமே கொன்றவை 17,167 என்றும் கணக்கெழுதி வைத்தார். உஸ்மானியப் பேரரசில் வேட்டை நாய்களைப் பராமரித்தவர்கள் ஜானிசரிப் படையின் தனிப்பிரிவாகவே இருந்தார்கள். அவர்களின் தலைவருக்கு ‘ஸகர்ஜிபாஷி’ என்று பட்டம். 1648 முதல் 1687 வரை ஆண்ட நான்காம் மெஹ்மது ‘வேட்டைக்காரர்’ என்றே பெயர் பெற்றார். அவருக்காகக் காடு கலைக்கக் குடியானவர்கள் ஊர் ஊராக விரட்டி வரப்பட்டார்கள். இரைக்கும் குடிகளுக்கும் அந்நாளில் அதிக வேறுபாடு இருந்திருக்காது. வேட்டையின் பின்னே போகிறவன் கவனமிழந்துவிடுகிறான் என்று திர்மிதியும் அபூதாவூதும் பதிவு செய்த நபிமொழி இத்தகையோரை எண்ணும்போது தானே நினைவுக்கு வருகிறது. உயிருள்ளதைக் குறி வைத்து எறிந்து விளையாடுவோரை நபி (ஸல்) சபித்ததையும் உடன் நினைக்க வேண்டும்.

நம் மாநிலத்தில் முயல் வேட்டை பற்றிக் கேட்போருக்கு ஒரு வார்த்தை. 1972ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின்படி காட்டு முயலை வேட்டையாடுவது குற்றம். பிஸ்மில்லாஹ் சொல்லி நாயை ஏவினோம் என்பது அங்கே எடுபடாது. நாம் வாழும் நாட்டின் இந்தச் சட்டத்தை மீற மார்க்கமும் இடம் தரவில்லை.

அரண்மனை வேட்டைகளிலும் வேறுபட்ட ஒரு வீடு இருந்தது. சிரியாவின் ஷைஸர் கோட்டையில் பிறந்த உஸாமா பின் முன்கித் (1095–1188) தம் முதுமையில் எழுதிய ‘கிதாபுல் இஃதிபார்’ நூலின் கடைசிப் பகுதி முழுவதும் வேட்டை நினைவுகள். அவருடைய தந்தை முர்ஷிதுக்கு இரண்டே பற்றுகள்: குர்ஆனைத் தம் கையால் படியெடுப்பது, வேட்டைக்குப் போவது. நல்ல நாய்களுக்காகவும் வல்லூறுகளுக்காகவும் கான்ஸ்டாண்டிநோபிள் வரை ஆளனுப்புவார். சிலுவைப் படையினர் ஒருபுறமும் பகைக் குலங்கள் மறுபுறமும் இருக்க, கோட்டைக்குத் தெற்கே மலையில் கவுதாரியும் முயலும், மேற்கே ஆற்றோர நாணற்காட்டில் நீர்ப்பறவையும் முயலும் மானும் என இரண்டு வேட்டைக் களங்களை அவர் வகுத்து வைத்திருந்தார். வேட்டைக்குப் புறப்படும்போது மக்களையும் உடன் வருவோரையும் விலகி விலகிச் செல்லச் சொல்வார். குர்ஆனை மனனம் செய்தவர்கள், வேட்டைக் களம் வரும்வரை குதிரை மீதே தனித்தனியாக ஓதிக்கொண்டு போவார்கள். நாய்களும் அந்த ஓதலுக்கு நடுவேதான் நடந்திருக்கும்.

முர்ஷித் 1137இல் இறந்தார். அவர் கைப்பட எழுதிய குர்ஆன் படிகள் நாற்பதுக்கும் மேல் இருந்தன. 1157இல் நிகழ்ந்த நிலநடுக்கத்தில் ஷைஸர் கோட்டை இடிந்து விழுந்தது. உஸாமாவின் குலத்தார் ஏறக்குறைய அனைவரும் அதில் புதையுண்டார்கள். அப்போது அவர் வெளியூரில் இருந்தார். அந்த நாணற்காட்டையும் நாய்களையும் அவர் எழுத்தில் வடித்தது அதற்குப் பல ஆண்டுகள் கழித்து, தொண்ணூறை நெருங்கும் வயதில்.