செப்புச் சுரங்க நாட்டில் ஒரு கூலி ஆட்டம்
(போர்ட்டேஜ் லேக்ஸ் அணியும் அதன் சங்கமும், 1904–1907)

விளையாட்டின் வரலாறு நம்மிடையே இன்னும் வரலாறாகக் கொள்ளப்படவில்லை. அரசரையும் போரையும் அரசியல் யாப்பையும் ஆராய்வோர் பந்தாட்டத்தைப் பொழுதுபோக்கென ஒதுக்கிவிடுவர். ஆயினும், ஓர் ஆட்டத்துக்குப் பணம் தந்தவர் யார், பெற்றவர் யார், பெறலாகாது எனத் தடுத்தவர் யார் என வினவுமிடத்து அவ்வாட்டம் நிகழ்ந்த சமுதாயத்தின் உட்கிடை புலனாகும். பனித்தரை ஹொக்கி பதுளைக்கு அந்நியமானதே. ஆனால், அது முதன்முதலில் வெளிப்படையாகக் கூலிக்கு ஆடப்பட்ட ஊர், ஊவாத் தோட்டப் புறங்களை அறிந்தோர்க்கு அத்துணை அந்நியமானதன்று.

ஐக்கிய அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்து வட கோடியில், சுப்பீரியர் ஏரிக்குள் நீண்டு கிடக்கும் நிலப்பகுதி செப்புச் சுரங்கங்களுக்குப் பேர்போனது. கோர்ணிஷ்காரரும் பின்லாந்தவரும் இத்தாலியரும் குரோவாசியரும் பிழைப்புத் தேடி அங்கு வந்து சேர்ந்தனர். கலுமெற் – ஹெக்லா என்னும் கம்பனி சுரங்கத்தை மட்டுமன்றிக் குடியிருப்பையும் மருத்துவமனையையும் நூலகத்தையுங்கூடத் தன் கையில் வைத்திருந்தது. பெரிய துரையின் சொல்லே சட்டமாயிருந்த ஊர்களை அறிந்த நமக்கு இதனை விரித்துரைக்க வேண்டியதில்லை.

அங்குள்ள ஹௌற்றன் நகருக்கு வந்து குடியேறிய பல் வைத்தியர் ஜோன் கிப்சன், கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்துப் பெர்லின் என்னும் ஊரினர். 1898இல் அவ்வூர் அணி அயலூரான வாட்டர்லூவை வென்றபோது வீரர்க்குப் பத்து டொலர்ப் பொற்காசுகள் பரிசாக அளிக்கப்பட்டன. பணம் வாங்கியோர் கனவான்கள் அல்லர் எனக் கருதிய ஒன்ராறியோ ஹொக்கிச் சங்கம் அவ்வணியை விலக்கியது. தூய்மை என்ற பெயரால் காக்கப்பட்டது ஆட்டமா, அன்றி ஓய்வும் வருவாயும் உடைய வகுப்பாரின் தனியுரிமையா என்பது ஐயத்துக்குரியது. பின்னதே என்பது என் துணிபு.

ஹௌற்றனில் வணிகர் ஜேம்ஸ் டீ என்பாரின் துணையுடன் கிப்சன் அணி திரட்டினார். 1902இன் இறுதியில் அம்பிட்ரோம் எனும் உள்ளரங்கு திறக்கப்பட்டது. 1903–04 பருவத்தில் போர்ட்டேஜ் லேக்ஸ் அணி கனடிய வீரரை ஒளிவுமறைவின்றிச் சம்பளத்துக்கு அமர்த்தி, 26 ஆட்டங்களில் 24இல் வெற்றி பெற்றது. பெயர்பெற்ற மொன்றியல் வொண்டரர்சையும் அது வீழ்த்தியது. 1904இன் பிற்பகுதியிற் சர்வதேசத் தொழில்முறை ஹொக்கிச் சங்கம் உருவாயிற்று. ஹௌற்றன், கலுமெற், பிற்ஸ்பேர்க், எல்லையின் இருமருங்கும் அமைந்த இரு சூ சென்ற் மேரி நகரங்கள் என ஐந்தே அணிகள். பிற்ஸ்பேர்க்கில் மட்டும் செயற்கைப் பனித்தரை இருந்தது. ஏனையோர் குளிரை நம்பியே ஆடினர். பக்கத்துக்கு எழுவர், அரைமணிப் பகுதிகள் இரண்டு. முதற் பருவத்தில் கலுமெற்றும் அடுத்த இரு பருவங்களிலும் போர்ட்டேஜ் லேக்சும் முதலிடம் பெற்றன.

ஒன்ராறியோவில் ஆடத் தடைசெய்யப்பட்ட பிரெட் டெயிலர் என்னும் இளைஞர், 1906இல் 400 டொலரும் செலவும் பெற்று ஹௌற்றன் சென்றார். 1913இற் சுரங்கத் தொழிலாளர் வேலைநிறுத்தத்தில் இறங்கியபோது கோரிய நாட்கூலி மூன்று டொலர். அவ்வாறு நோக்கின், பருவத்தின் எஞ்சிய சில வாரங்களுக்கு டெயிலர் பெற்ற தொகை, சுரங்கத் தொழிலாளி பின்னாளிற் போராடிக் கேட்ட கூலியில் 133 நாள் உழைப்புக்குச் சமமாகும். அரங்கின் இருக்கைகளை நிரப்பிய கூட்டத்தில் அத்தொழிலாளரும் இருந்தனர் என்பதை மறத்தலாகாது.

இங்கு நம் மலைநாட்டை எண்ணிப் பார்த்தல் தகும். அதே ஆண்டுகளிற் புகையிரதம் பண்டாரவளையோடு நின்றது. பதுளையை அடைய 1924 வரை காத்திருக்க நேர்ந்தது. தோட்டத் துரைமார் தம் கழகங்களில் ரகர் ஆடினர். அவ்வாட்டத்துக்கு 1908இல் இலங்கையிற் சங்கமும் அமைந்தது. அதுவோ கூலி வாங்காத கனவான் ஆட்டம். தேயிலைக் கொழுந்து பறித்தவர்க்கு அத்திடலில் இடமில்லை. ஹொக்கி வீரன் கூடிய சம்பளம் கிடைக்குமிடத்துக்கு எல்லை கடந்து சென்றான். ஹொட் ஸ்ருவார்ட் பருவம் தொடங்கிய வேளையிலேயே பிற்ஸ்பேர்க்கை விட்டு மொன்றியலுக்குப் போனார். ஊவாத் தொழிலாளியோ, கங்காணியிடம் பட்ட கடனைக் குறிக்கும் ‘துண்டு’ இன்றி அடுத்த தோட்டத்துக்குக் கூடப் பெயர முடியாதவன். துண்டு முறை ஒழிக்கப்பட்டது 1921இலேயாம். உழைப்பை விற்பதைக் காட்டிலும் விற்குமிடத்தைத் தெரிவுசெய்வதே அரிய உரிமையாக இருந்தது போலும்!

சங்கத்தின் வீழ்ச்சிக்கும் இவ்வுரிமையே ஒரு காரணமாயிற்று. 1906இற் கிழக்குக் கனடாவின் முதன்மைச் சங்கம் சம்பள வீரரை ஏற்கத் தொடங்கவே, அவர்கள் தாயகம் திரும்பினர். 1907இன் நிதி நெருக்கடி எஞ்சியதையும் குலைத்தது. மூன்றே பருவங்களில் எல்லாம் முடிந்தது.

வீரர் பலர் வேறிடங்களிற் புகழடைந்தனர். டெயிலர் ஒட்டாவா சென்றார். மிச்சிகன் சூ அணியில் ஆடிய ஜாக் லவியோலெற் 1909இல் மொன்றியல் கனடியன்ஸ் அணியைக் கட்டியெழுப்பினார். செப்பு நாட்டில் எஞ்சியோர்க்கு 1913ஆம் ஆண்டு நத்தார்த் தினத்துக்கு முன்னிரவு வேறுவிதமாக அமைந்தது. வேலைநிறுத்தக்காரரின் பிள்ளைகளுக்காகக் கலுமெற்றில் இத்தாலிய மண்டபத்தில் நடந்த விழாவில், தீப்பற்றியதாக எழுந்த பொய்க் கூச்சலால் நெரிசல் மூண்டு 73 பேர் மாண்டனர். அவர்களிற் பெரும்பாலோர் குழந்தைகள். வேலைநிறுத்தம் 1914 ஏப்ரலிற் கோரிக்கை நிறைவேறாமலே முடிவுற்றது. அம்பிட்ரோம் 1927இல் எரிந்து, மீண்டும் கட்டப்பட்டது. டீயின் பெயரை இன்று தாங்கி நிற்பது அவ்வரங்கே.